கீழே விழுந்த பூ

ஏனுங்க,

இந்நேரத்துல எழுதறதுக்கு மன்னிச்சுக்குங்க. போர்வெல் வண்டி எந்தக் காட்டுல நிக்குதோ, சிக்னல் கிடைச்சதும் படிங்க.

லீவுக்குப் பாப்பாவும் நானும் பழைய டெலிபோன் டைரக்டரிக்குள்ள பூ வச்சுக் காயவிட்டு, வாழ்த்து அட்டை செய்யறோம். "செடியில பறிக்காதே கண்ணு, கீழே விழுந்ததை மட்டும் எடு"ன்னு சொன்னது நான்தான்.

பாப்பா பெரிம்மான்னு கூப்பிடற எதிர்வீட்டுச் செல்வநாயகி அக்கா போன வாரம் இறந்துட்டாங்க. தூக்கிட்டுப் போறப்ப தெருவெல்லாம் பூ எறிஞ்சாங்க. பாப்பா அதையும் பொறுக்கி வச்சிருக்கா. சாயங்காலந்தான் பார்த்தேன். மத்த பூவெல்லாம் காகிதமாட்டம் காஞ்சிருக்கு. அந்தச் செவ்வந்தி மட்டும் இப்பப் பறிச்சாப்ல ஈரமா இருக்குதுங்க.

"தண்ணி தெளிச்சியா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா. காயக்கூடாதுன்னு பெரிம்மா சொன்னாங்க. நானே கொண்டாந்து குடுக்கோணுமாம்."

எல்லாத்தையும் தெருவுல வீசிப்போட்டுக் கதவைப் பூட்டினேன். திரும்பி வந்து பார்த்தா, தூங்கற பாப்பா கையில ஒரு செவ்வந்தி. விரலைப் பிரிக்க முடியலைங்க.

அவ எந்திரிச்சுக் கெளம்பிடக்கூடாதுன்னு, செருப்பை எடுத்துப் பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை.

சீக்கிரம் பதில் போடுங்க.

உங்க
பாப்பாவோட அம்மா