தரையிலிருந்து முழங்கை வரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் தேதி முடிவாகிவிட்டதா என்றும் கேட்கவேண்டும், கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், எதற்கு இப்போது கடிதம் என்று நினைப்பாய். முகம் தெரிகிற போனில் எனக்குப் பேச வருவதில்லை, உனக்கே தெரியும். மூலையில் சின்னதாக என் முகமே தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்ல என்னால் முடியாது. நம் வீட்டில் முதலில் காலேஜ் படித்தவள் நான்தான் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்கிறார், ஆனால் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நாலு வார்த்தை பேச அந்தப் படிப்பு எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுதத்தான் வரும்.

சமையலறை சிங்க்குக்கு அடியில் இருந்த மரத்தட்டு ஊறிப்போய் சோப்புத்தூள் டப்பாவோடு கீழே இறங்கியதைச் சொன்னேன் இல்லையா, அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நம் பிளம்பரை உனக்கு நினைவிருக்கும், எந்தக் குழாய் ஒழுகினாலும் அரை இன்ச்சில்தான் தப்பு நடந்திருக்கிறது என்பாரே, நீ வைத்த பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது, அப்பாகூட போனில் அரை இன்ச் என்றுதான் சேமித்து வைத்திருக்கிறார். அவர் வந்து அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சிங்க்கும் போச்சு, ஓட்டையச் சுத்தி கல்லும் வெடிச்சிருக்குக்கா, ரெண்டையும் எடுத்துட வேண்டியதுதான்" என்றார். இதைச் சொல்லத்தான் அன்று உனக்குப் போன் செய்தேன். நீ உடனே உற்சாகமாகி, போனைத் தூக்கிக்கொண்டு உங்கள் சமையலறைக்குப் போய், "இங்க பாரும்மா, அத்தையோட சிங்க்கு, கல்லுக்கு அடியில மாட்டுனது, விளிம்பே கிடையாது, துணியால ஒரு இழு இழுத்தா எல்லாம் நேரா உள்ள போயிடும், நீயும் இதே வாங்கு" என்றாய். சிங்க்கையும் பார்த்தேன், பக்கத்தில் துடைக்கும் துணியோடு நின்ற சம்பந்தியம்மாவையும் பார்த்தேன். உன் தோளுக்குச் சரியாக அவர் தோள். என்னைப்போல் உன் கக்கத்துக்குக் கீழே நிற்கவில்லை. அதுவாவது போகட்டும், கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், "சாயங்காலம் நானும் அத்தையும் இங்கதாம்மா நின்னு கதை பேசுவோம்" என்று. எனக்குக் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை.

மகளே, சிங்க்கைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா, நான் பட்டேன். உனக்கும் எனக்கும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வந்ததே இல்லை. நீ என்னைக் கொண்டு பிறந்தவள். நீ எதைச் சொன்னாலும் சுவரைப் பார்த்து, கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் சொல்வாய், நான் பக்கத்தில் நின்று நீ கழுவிக் கொடுப்பதைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்பேன். பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். கணக்கில் தோற்றதை அங்கேதான் சொன்னாய், வெளியூர் வேலைக்கு எழுதிப் போட்டதை அங்கேதான் சொன்னாய், மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன அன்று ஒரே தம்ளரை மூன்று முறை கழுவினாய், நானும் அதை மூன்று முறை வாங்கித் துடைத்தேன். அந்த இடம் எனக்கு மட்டும் தந்த இடம் என்று நினைத்திருந்தேன். அதை நீ இன்னொரு வீட்டிலும் போட்டுக்கொண்டாய் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது, அழகாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. நாலு வார லீவில் வருகிறேன் என்றவள், அத்தைக்கு ஆப்பரேஷன், பன்னிரண்டு நாள்தான் என்றாயே, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த அம்மாவுடையதைவிட ஒரு படி நல்ல சிங்க் வாங்குவது. ஆபீஸில் கோப்புகளுக்குப் போடுவதுபோல நோட்டில் கட்டம் போட்டு, மேலிருந்து பதிப்பது, அடியிலிருந்து மாட்டுவது, முன்பக்கம் முழுதும் தெரிகிற பெரிய தொட்டி என்று மூன்றுக்கும் நல்லது கெட்டது எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ நான்கூட இவ்வளவு யோசிக்கலையே" என்றார். கடைக்கும் போனோம். நம் பெரிய குண்டானைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துப்போய் ஒவ்வொரு தொட்டியிலும் இறக்கிப் பார்த்தேன், தண்ணீர் இல்லாமலே கையால் சுற்றிச் சுற்றிக் கழுவியும் பார்த்தேன். எனக்கா இந்தத் தைரியம் என்று நீ கேட்பாய், பொறாமை வந்தால் கூச்சம் போய்விடுகிறது போலிருக்கிறது. அப்பா எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் வாசல் பக்கம் போய் ஷவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைப்பெண் பொறுமையாக, "மேலே பதிக்கறதுன்னா விளிம்புல அழுக்கு தங்கும் மேடம், ஆனா பின்னாடி மாத்தறது சுலபம். அடியில மாட்டறது துடைக்க சுலபம், ஆனா கல்லு கனமா இருக்கணும், வெட்டுன ஓரத்தை பாலிஷ் பண்ணணும், பசையும் கிளிப்பும் சரியாப் போடலைன்னா தொட்டியே கீழ வந்துடும்" என்றாள். பெரிய தொட்டி நம் அலமாரிக்குள் உட்காராது என்பதால் அதை அப்போதே அடித்துவிட்டேன். மற்ற இரண்டில் எதுவென்று யோசிக்கவே இல்லை, அடியில் மாட்டுவதுதான் என்று கையைக் காட்டிவிட்டு வந்தேன். பிளம்பர் சொன்னார் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

அந்தப் பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் வந்த அரை இன்ச், நான் எப்ப சொன்னேன் என்று அப்பா முன்னாலேயே கேட்டார். சம்பந்தி வீட்டு சிங்க்கைப் பார்த்து வந்த ஆசை என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு அவர், "சம்பந்தி வீட்டு மாதிரியே வேணும்னா அவங்க மேடை எவ்வளவு உயரம்னு கேளுங்க. அடியில மாட்டுனா கல்லு கனத்துக்குத் தொட்டி இன்னும் கீழ போயிடும். உயரம் தெரியாம சிங்க்கு வாங்கறது, பாதம் தெரியாம செருப்பு வாங்கற மாதிரிக்கா" என்றார். உன்னிடம் கேட்டால் நான் காப்பி அடிப்பது தெரிந்துவிடும். அதனால் நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து சம்பந்தியம்மாவுக்கே போன் செய்தேன். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

"இருங்க சம்பந்தி, டேப் எடுத்துட்டு வரேன்" என்று ஓடினார். முப்பத்தைந்து இன்ச் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம், உங்க உயரத்துக்கும் என் மகள் உயரத்துக்கும் அது சரிதான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கெங்க உயரம், நான் உங்களைவிடக் குள்ளம். முன்னாடி முப்பத்திரண்டுதான் இருந்துச்சு. உங்க பொண்ணு வந்த புதுசுல கழுவி முடிச்சுட்டு இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஏம்மான்னு கேட்டா, பழகிப்போச்சு அத்தை, எங்க வீட்லயும் குனிஞ்சுதான் கழுவுவேன்னா. மனசு கேக்கல. தரையிலேர்ந்து அவ முழங்கை வரைக்கும் அளந்து, அதுக்குத் தக்கபடி மேடைய ஏத்திட்டோம். எனக்கென்ன, ஒரு பலகை போட்டு நின்னுக்கறேன்" என்றார்.

அதாவது போனில் உன் தோளுக்குத் தோளாக நின்றவர் பலகைமேல் நின்றிருக்கிறார். கல்யாணத்தில் ஓடிய ஓட்டத்தில் அவர் உயரத்தையா கவனித்தேன். இதைக் கேட்டதும் எனக்கு நன்றிதான் வந்திருக்கவேண்டும். வரவில்லை மகளே, இன்னும் அதிகமாகப் பொறாமைதான் வந்தது. போனை வைத்துவிட்டு நம் மேடையை அளந்தேன், முப்பத்தோரு இன்ச். வீடு கட்டும்போது கொத்தனார் என்னை நிற்கவைத்து எனக்காக அளந்து போட்டது. பதின்மூன்று வயதில் நீ என்னைத் தாண்டி வளர்ந்தாய், மேடை அங்கேயே நின்றுவிட்டது. நீ காலை அகட்டி வைத்து, முதுகை வளைத்துக் கழுவுவாய். நான் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே, "நிமிந்து நில்லுடி, கூன் விழுந்துடும்" என்று திட்டுவேன். பத்து வருஷம் திட்டியிருக்கிறேன். உன்னை வளைத்தது என் மேடைதான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, உன் பேச்சைக் கேட்ட கவனத்தில் கால்வாசியை உன் முதுகில் வைத்திருக்கலாம். நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அங்கே கேட்டார்கள் அதனால் சொன்னாய், நான் கேட்கவில்லை. அதுதானே பதில்?

அன்றைக்கே அரை இன்ச்சைக் கூப்பிட்டு, மேடையை உயர்த்தவேண்டும், முப்பத்தைந்தரை வையுங்கள் என்றேன். அது என்ன கணக்கு என்றார். அவர்கள் வீட்டில் முப்பத்தைந்து என்றேன். பெயரே அரை இன்ச்சாகிப்போன மனுஷன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "அரை இன்ச்சுல என்னக்கா வந்துடப் போகுது, நீங்க மேடை கட்டறது உங்க பொண்ணுக்கா, உங்க சம்பந்திக்கா?" என்று கேட்டார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார், பேப்பர் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை.

இப்போது முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். சிங்க் இருக்கும் பக்கத்துக் கல் தனித் துண்டு என்பதால் அதை மட்டும் உயர்த்துகிறோம், அடுப்புப் பக்கம் என் உயரத்துக்கே இருக்கும். பார்க்கக் கொஞ்சம் கோணலாக இருக்கும், சமையல் மேடைக்கு மாடி கட்டுகிறாள் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சொன்னாலும் கையோடு எனக்கு ஒரு பலகை செய்து, வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டார். பலகையிலும் அந்த அம்மாவைத்தான் காப்பி அடித்தேன், வேறு வழியில்லை. ஆனால் சிங்க்கை மாற்றிவிட்டேன். மேலிருந்து பதிக்கிற, விளிம்பு உள்ளதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். உங்களுடையதுபோல ஒரே இழுப்பில் வேலை முடிந்துவிடாது, விளிம்பைச் சுற்றி அழுக்கு தங்கும், நின்று நிதானமாகத்தான் துடைக்கவேண்டும். தங்கட்டும். நீ கழுவி முடித்த பிறகும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க எனக்கு ஒரு வேலை இருக்கும்.

தொட்டி வந்து முன்னறையில் நாற்காலிமேல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பாத்திரமெல்லாம் கொல்லைக் குழாயடியில்தான் கழுவுகிறேன். வேலை நிற்பது உன் ஒரு பதிலுக்காக. முழங்கை அளவு தெரிந்தால்தான் கல்லை வைப்பேன் என்கிறார் அரை இன்ச். உனக்கு எத்தனை வயதில் எந்தக் காய்ச்சல் வந்தது என்று எனக்குத் தேதியோடு தெரியும், தரையிலிருந்து உன் முழங்கை எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. சம்பந்தியம்மாவைக் கேட்டால் உடனே சொல்வார். இதை மட்டும் அவரிடம் கேட்கமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நிமிர்ந்து நின்று, மாப்பிள்ளையை அளக்கச் சொல்லி நீயே எழுதி அனுப்பு. அதைப் பார்த்து அங்கே வைத்த அதே முப்பத்தைந்துதான் வருகிறது என்று பிளம்பர் சொன்னாலும் பரவாயில்லை, அதையே வைத்துவிடுகிறேன், அரை இன்ச்கூடக் கூட்டமாட்டேன்.

ஆப்பரேஷன் முடியும்வரை சம்பந்தியம்மா பக்கத்திலேயே இரு, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, பாத்திரத்தில் அவரைக் கைவைக்க விடாதே, கண் ஆறும்வரை பலகைமேல் ஏறவும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். வரும்போது அவரையும் அழைத்து வா என்று எழுதுவதுதான் மரியாதை. அடுத்த தடவைக்கு எழுதுகிறேன். இந்தப் பன்னிரண்டு நாளும் நீ மட்டும் வா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். நோயில்லாமல், மனக்குறை இல்லாமல், நிமிர்ந்து நன்றாக இருங்கள். அளவை மறக்காதே, இதற்கு மேல் ஒரு வாரம்கூடக் குழாயடியில் உட்கார்ந்து கழுவ என் முதுகுக்கும் தெம்பில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா