வேப்பிலை வாங்கிய வீடுகள்

திங்கள், 3
காலையில் பனிமூட்டம். ரிங்லெட் ஏரி தெரியவில்லை. கிளினிக்கில் ஊசிமருந்துக் குளிர்பெட்டி சரிபார்த்தேன்.

தேயிலைத் தோட்டத்து மேல் லைன் வீடுகளில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை. எனக்குத் தெரியவரவே ஆறு நாள் ஆகிவிட்டது. மூன்று நாளுக்குள் ஊசி போட்டால்தான் கூட இருக்கும் குழந்தைகள் தப்பும். மேலிடம் கேட்பதும் அதுதான், எப்போது தெரிந்தது? யார் சொல்கிறார்கள்! அம்மை என்றால் வாசலில் வேப்பிலை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் நுழையக் கூடாது. நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கள் ஊசியும் நுழைய முடியாது.

செவ்வாய், 4
இந்தக் குளிருக்கு இங்கே வேப்பமரம் கிடையாது. தழை மலைக்குக் கீழே தாப்பா டவுனிலிருந்து லோரியில் முனியாண்டி அண்ணன் பூக்கடைக்கு வரும். யார் வாங்கினாலும் எனக்கு வாட்சப் போடச் சொன்னேன். தயங்கினார், கேட்பது நர்ஸ் ஆயிற்றே. பிறகு, "சரிலா மிஸி."

வெள்ளி, 7
அண்ணனிடமிருந்து செய்தி. கீழ் லைனில் ஒரு வீட்டில் தழை வாங்கியிருக்கிறார்கள். வேனில் நாலு பேர் போனோம். அக்கம்பக்கத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஊசி. டாக்டர் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. தொற்று உள்ள வீடு என்று கதவில் அறிவிப்பு ஒட்டினோம். அந்த வீட்டுக்காரி எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தோடு உள்ளே போனது வேனில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வாங்க வேண்டியது: சோப், முட்டைக்கோஸ், தைலம்.

வியாழன், 13
மழை. அண்ணனிடமிருந்து செய்தி இல்லை. புதிய நோயாளி இல்லை என்று அறிக்கை அனுப்பினேன். நிம்மதி.

வியாழன், 20
கொழுந்து பறிக்கும் கோகிலா ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உடம்பெல்லாம் சிவப்பு, மூச்சு இழுக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆக்சிஜன் பிடித்தேன். மூத்தவனுக்கு எட்டாம் தேதியே அம்மை போட்டு ஆறிவிட்டதாம். அன்றே தெரிந்திருந்தால் இந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

"தழை வாங்குனா நீங்க வந்துருவீங்கன்னுதான் வாங்கல மிஸி. ஆத்தாவுக்கு ஒரு கொத்துகூட வைக்கல. அதான் சின்னதுக்கும் வந்துருச்சு."



வெள்ளி, 21
குழந்தை ஈப்போ ஆஸ்பத்திரியில். நிமோனியா, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். 'தாய் தெரிவிக்கவில்லை' என்று எழுதி, அடித்தேன். யார் வேப்பிலை வாங்குகிறார்கள் என்று நான் கடையில் ஆள் வைத்துப் பார்த்ததால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். இதை இப்படியே மேலே அனுப்பணுமா என்றார்.

அனுப்புங்கள் என்றேன்.