வேப்பமரத்து ஏரியல்

மீஞ்சூர்
12-4-1988

அன்புள்ள அவருக்கு,

தெய்வநாயகி எழுதுவது. அக்கா வீட்டில் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இறால் ஊறுகாய் மேல்தட்டில் இருக்கிறது.

நம் பிள்ளை பூபதி போன படகு திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் தேசம்விட்டுத் தேசம் பேசும் அந்த ஹாம் ரேடியோவைத் திறந்துவைத்து இரைச்சலையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது கடல் இரைச்சலாகக் கேட்கிறது. அதனால்தான் வந்துவிட்டேன். கோபமில்லை. ஏரியலை இறக்கிவிட்டு இங்கேயே வந்துவிடுங்களேன்.

உங்கள்
தெய்வநாயகி

பழவேற்காடு
20-4-1988

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

உப்புக்காற்றில் ஏரியல் கம்பி பச்சை பூத்துவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்துத் துடைத்தேன். கம்பத்தை இழுத்துக் கட்டிய கயிற்றில் நீ புடவை காயப்போடுவாய். "உலகத்துக்கே பேசறீங்க, ஒரு புடவ காய எடம் இல்லியா?" என்பாய்.

ஹாலந்துக்காரர் ஒருவர் ரேடியோவில், நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் டச்சுக் கல்லறையில் தன் முன்னோர் பெயர் இருக்கிறதா என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? பூபதி கல்லைத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினான். நீ வாசலில் நின்று அதை எனக்குக் கத்தினாய். தந்தி ஆபீஸ் பழக்கத்தில் நான் தட்டி அனுப்பினேன். "இன்னா சொல்றாரு நைனா?" என்று மூச்சிரைக்க ஓடி வந்தான். அந்த ரேடியோ அறையில்தான் அவன் குரல் இருக்கிறது எனக்கு.

ஆனாலும் உன் மனசு நோக வேண்டாம். இறக்கிவிடுகிறேன்.

சுப்பராயலு

பழவேற்காடு
24-5-1988

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

புயலென்று பயந்திருப்பாய். ஓடு கொஞ்சம் போயிற்று, வேறொன்றுமில்லை. இறக்க மனம் வராமல் நாள் தள்ளிக்கொண்டிருந்தேன்; புயலில் கம்பம் சாய்ந்ததால் கம்பியை வேப்பமரத்தில் கட்டியிருந்தேன். சொன்னபடி நேற்று அதையும் அவிழ்த்துச் சுருட்டிவிட்டேன். ரேடியோவைத் துணி போட்டு மூடியாயிற்று. வீடு இத்தனை அமைதியாக இருக்குமென்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன்.

சுப்பராயலு

மீஞ்சூர்
26-5-1988

அன்புள்ள அவருக்கு,

புறப்பட வேண்டாம்.

லைட்ஹவுஸ் குப்பத்து ஜெயம்மா கருவாடு விற்க வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க வூட்டுக்காரரு சொல்லலியாக்கா? புயலன்னிக்கி போன் இல்ல, பஸ் இல்ல. எங்க வூட்டாளு போன படகு கவுந்துட்சின்னு ஒப்பாரி வெச்சிக்கினு இருந்தோம். முட்டித் தண்ணில நடந்து வந்தாருக்கா அவரு. படகு நெல்லூர் பக்கம் ஒதுங்கிட்சி, எல்லாரும் உசுரோட கீறாங்கன்னு ரேடியோல சேதி வந்துச்சாம். கருப்பன்னு எங்க ஆளு பேரச் சொன்னாரு பாரு, நான் அங்கியே உக்காந்துட்டேன்."

மறைக்க மாட்டேன், முதலில் வயிறெரிந்தது. நம் வீட்டுக்கு வராத சேதி அவள் வீட்டுக்கு வந்திருக்கிறதே என்று. அவள் போன பிறகுதான் உங்களை நினைத்தேன். அந்தக் குப்பமே கட்டிப்பிடித்து அழுதிருக்கும். நீங்கள் ஈர வேட்டியோடு ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். எனக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை.

ஏரியலைக் கட்டுங்கள். சனிக்கிழமை பொன்னேரி பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் ரேடியோ கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தாங்க முடியாவிட்டால் சொல்வேன், கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். அது போதும்.

உங்கள்
தெய்வநாயகி