குறிஞ்சிப்பாடி வீட்டுக்கு மறுபடி போனேன், அக்கா

என் தங்கமே, விஜயா அக்கா,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வருஷமாக மனசுக்குள்ளேயே உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சேதியை இன்று எழுதியே தீருவதென்று உட்கார்ந்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடியில் உன் வீட்டுக்கு மறுபடி போனேன்.

இதை மற்ற பெண்களும் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பால்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சத்துமாவு கிண்டிக் கொடுத்து, எவனுக்குக் காய்ச்சல், எவளுக்குச் சொறி என்று தாயைக் கூப்பிட்டுச் சொல்கிறவள். உன் உடம்பில் மட்டும் மாதக் கணக்கில் நேரம் கெட்டு உதிரம் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. "ஒடம்பு சூடுதான்டி" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாய். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டாய். சுனாமி வந்து கடலூரே அழுதுகொண்டிருந்த நாட்களில், கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழைய துணி சேர்த்துக்கொண்டு அலைந்தாயே, அப்போதே உனக்கு இடுப்பு வலி இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

சிதம்பரத்தில் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்மா. ஆபரேஷன் பண்ற கட்டத்தத் தாண்டிடுச்சு" என்றார். புதுச்சேரிக்குப் போய்க் கதிர்வீச்சு வைத்துக்கொண்டாய். அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டாய். உன் தேன்மொழிக்கு அப்போது எட்டு வயது.

என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை, அக்கா? ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

அடுத்த வருஷமே மாமா மறுகல்யாணம் செய்துகொண்டார். திருவந்திபுரத்தில் முகூர்த்தம். பெண் பேர் தனம், மங்கலம்பேட்டைக்காரி. பத்திரிகையை மாமாவே கடலூருக்கு எடுத்துக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. "சின்ன புள்ளய வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன், சுமதி?" என்று வெளியே நின்று அவர் கேட்டார். அன்றோடு அந்த வீட்டுக்கும் எனக்கும் பேச்சு அறுந்தது. அந்தக் கோபத்தில் உன் பெண்ணையும் நான் மூன்று வருஷம் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதற்கு உன்னிடம் என்ன மன்னிப்புக் கேட்பது?

பிறகுதான் அந்த வேலை வந்தது. உன்னைக் கொண்டுபோன அதே நோயை, முன்கூட்டியே எளிய சோதனையால் கண்டுபிடிக்க முடியுமா என்று கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி, சம்மதம் வாங்கி, முகாமுக்கு அழைத்துவர ஆள் வேண்டும் என்றார்கள். டைப்பிங் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். சிதம்பரத்தில் பயிற்சி.

எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா கரும்பலகையில் கர்ப்பப்பையைக் கவிழ்த்த பேரிக்காய் போல வரைந்தார். வினிகர் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு அதன் வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும் என்றார்.

"வினிகரா? ஊறுகா போடுற வினிகரா, மேடம்?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

"அதேதான்மா. இந்த நோய் ராத்திரியில வந்து காலையில கொல்ற நோய் இல்ல. கேன்சரா மாற வருஷக்கணக்காகும். அந்த வருஷங்கள்ல எப்ப பாத்திருந்தாலும் தடுத்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வருஷக்கணக்காகும் என்றால், தேன்மொழி நடை பழகியபோது உனக்குள் அது இருந்திருக்குமா? நாம் இருவரும் மாசிமகத்துக்குக் கடற்கரையில் நின்றபோது? ஒரு நிமிஷம், ஒரு பஞ்சு, கொஞ்சம் வினிகர். அவ்வளவுதானா, அக்கா?

மறுநாள் அவர் இன்னொன்று சொன்னார். இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். தாம்பத்தியத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். ஆணுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. தன்னிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

என் கை தானாக உயர்ந்தது. "மேடம், ஒருத்தரோட மொத சம்சாரம் இதுல செத்துட்டாங்க. அவரு ரெண்டாவது கட்டியிருக்காரு. அப்ப அந்தப் பொண்ணுக்கு?"

"ரிஸ்க் ஜாஸ்திதான். அவங்கள முதல்ல பாக்கணும். ஆனா ஒண்ணு, இதுக்கு யாரையும் குத்தவாளி ஆக்கக்கூடாது. இந்த வைரஸ் முக்காவாசிப் பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குத் தங்கிடும். ஏன் தங்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது."

அன்று கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது ‘எனக்கென்ன வந்தது?’ என்று தோன்றியது. உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் இடத்தில் வந்து உட்கார்ந்தவள், அவள் பாடு என்றுதான் தோன்றியது. பதினைந்து நாள் நான் போகவில்லை. அந்தப் பதினைந்து நாளும் வேறு ஊர்களில் கதவு தட்டி, "வாங்கம்மா, ஒரு நிமிஷ சோதனைதான்" என்று முன்பின் தெரியாத பெண்களைக் கெஞ்சினேன். ஒரு நாள் ஒரு வீட்டில் உன் பெண் வயசில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தேன்மொழி இரண்டாம் தடவையும் தாயைப் பறிகொடுத்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்ற நினைப்பு வந்தது. மறுநாள் காலை குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினேன்.

தனம்தான் கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண், முப்பத்திரண்டு வயசு. என்னை யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தில் உன் ஜாடை இருக்கிறதே. "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அப்போது உள்ளேயிருந்து தேன்மொழி, "சித்தி!" என்று கத்தினாள். நாங்கள் இருவருமே "என்னம்மா?" என்றோம். அவள் கூப்பிட்டது தனத்தை. ஒன்பது வயசிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியதும் அந்தச் சித்திதானே?

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. கொழந்த இல்லன்னு ஏற்கெனவே ஊரு பேசுது. அங்க போயி வரிசையில நின்னேன்னா வேற என்னா கதையாச்சும் கட்டிவிடுவாங்க."

"சும்மா பாக்கறதுதான், தனம்."

"நீங்க ஏன் என்னப் பாக்க வந்தீங்க? இத்தினி வருசமா வராதவுங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்போது வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், கையெல்லாம் வார்னிஷ் கறை. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நான்தான் விஜயாவக் கொன்னேன்னு சொல்ல வந்தியா, சுமதி?"

அக்கா, அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். வேறு காரணத்துக்காக, வேறு கோபத்துக்காக. இப்போது விஞ்ஞானமே என் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தது போல இருந்தது. அவரைப் பார்த்தேன். புதுச்சேரியில் நீ படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே, வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தாரே, அதே ஆள்தான்.

"இல்ல மாமா" என்றேன். "நீங்க கொல்லல. வைரஸ் யாருக்கும் சொல்லிட்டு வராது. அக்கா மறைச்சுது, நாம யாரும் பாக்கல. நானுந்தான் பாக்கல. இப்ப தெரிஞ்சும் பாக்காம வுட்டா, அதுதான் மாமா கொல."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த கறையைத் தேய்த்துக்கொண்டே, "கூட்டிக்கினு போ" என்றார்.

முகாமில் தனம் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. நர்ஸ் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். வெள்ளை தெரிந்தது. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கே புரிந்தது, அந்தப் பெண்ணை நான் வெறுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்று.

புற்று இல்லை, அக்கா. அதற்கு ஒரு படி முன்னால். எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

"கர்ப்பப்பையவா?" என்று தனம் கேட்டாள்.

"இல்லம்மா. வாயில மாறின பகுதிய மட்டும். கரண்டு பாயற மெல்லிசான கம்பி வளையத்தால அப்படியே செதுக்கி எடுப்போம். கர்ப்பப்பை அங்கயேதான் இருக்கும்."

கூட வந்திருந்த மாமா நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு மாரடிக்கிறவர் ஆயிற்றே. "என்னா கேஜு கம்பி, மேடம்?" என்று கம்பியின் கனத்தை மெய்யான கவலையோடு விசாரித்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். தனமும் சிரித்தாள். சம்மதப் படிவத்தை அவளிடம் நான் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். "மறுக்கறதுக்கா இத்தினி தூரம் வந்தேன்?" என்று அவளே பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அரைமணி நேரத்தில் முடிந்தது. அறுத்த ஓரங்களில் நோய் இல்லை என்று பிறகு அறிக்கை வந்தது. அதன்பின் நடந்த இரண்டு சோதனைகளிலும் சுத்தம். குழந்தை இன்னும் உண்டாகவில்லை. அதற்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லவில்லை. "நான் உசுரோட இருக்கேன். எனக்குத் தேன்மொழி இருக்கறா" என்று தனம் சொல்கிறாள். சில நாள் அழுகிறாள். இரண்டும் உண்மைதான்.

தானே புயல் உன் ஊரை என்ன செய்தது என்று தெரியுமா? பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பொங்கலுக்குக்கூட ஊரில் மின்சாரம் இல்லை. அந்த நிலைமையில் "சோதனைக்கு வாங்க" என்று எந்த வாயால் கேட்பது என்று தயங்கினேன். தனம்தான், "வூடு போனா கட்டிக்கலாம், வாங்க" என்று என்னோடு கிளம்பினாள். இப்போது அவள் என்னோடுதான் வருகிறாள். நான் ஆயிரம் சொன்னாலும் வராத பெண்கள், "எனக்குப் பண்ணாங்க, வலிக்கல, நல்லாருக்கேன்" என்று அவள் சொன்னால் எழுந்து வருகிறார்கள்.

நான் உன் கதையைச் சொல்கிறேன். நீ வெட்கப்பட்டு மூடி வைத்ததை ஊர் ஊராகச் சொல்கிறேன், அக்கா. உன் உதிரப்போக்கை, வெந்தயத்தை, மாத்திரையை, எல்லாவற்றையும். நீ இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பாய். பொத்தினாலும் நான் நிறுத்த மாட்டேன்.

தேன்மொழிக்கு இந்த வைரஸுக்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட்டோம். கூட்டிப் போனவர் மாமா. ஊசி போடும்போது அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார், உன் மகள் இல்லை.

ஆராய்ச்சியின் எங்கள் பகுதி வேலை முடிந்துவிட்டது. என் வேலை முடியவில்லை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் காலில் நடை இருக்கும்வரை கதவு தட்டுவேன். திறக்காத கதவை மறுபடி தட்டுவேன். திட்டினால் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் திரும்பவும் போவேன். ‘ஒடம்பு சூடுதான்’ என்று ஒருத்தி சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து தனம் வாசித்துக்கொண்டிருக்கிறாள். "என் பேரையும் போடுங்க" என்கிறாள்.

உன் தங்கைகள்,
சுமதி, தனம்.