முழுகாமல் இருந்த அக்காவுக்கு

அக்கா,

என் சேலைத் தலைப்பில் இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது. பக்கத்து வளவில் இன்றைக்குச் சாமத்தியச் சடங்கு. பெரியபிள்ளையானவள் என்னிடம் விஞ்ஞானம் படிக்கிறவள். தாய்க்காரி உழுத்தங்களியை என் கையில் திணித்ததில் எண்ணெய் வழிந்துவிட்டது. வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வருகிற கோபத்துக்கு, போய் அந்த வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரலாம் போலிருக்கிறது.

உனக்கும் இதே ஆரவாரம்தான் செய்தார்கள். எங்கோ வெட்டுப்பட்டுவிட்டது, சாகப்போகிறோம் என்று நினைத்து நீ கக்கூசுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாய். அம்மா வந்து விஷயத்தைக் கண்டுகொண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "ஒருதருக்கும் சொல்லிப்போடாதை." அதே அம்மாதான் பிறகு அழைப்பு அட்டை அடித்து, பந்தல் போட்டு, பனைமரத்தில் ஒலிபெருக்கி கட்டி, உரும்பிராய் முழுவதற்கும் சொன்னார். உடம்புக்குள் என்ன நடக்கிறதென்று உனக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை.

அதற்கு முந்திய வருடம் நடந்தது ஞாபகமிருக்கிறதா? எனக்குக் காய்ச்சல் வந்து மாறியிருந்தது. தலையில் தண்ணீர் படவே கூடாது என்று அம்மா மறித்து வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் வேலியோரத்தில் யாரோ யாரையோ பற்றி, "அவள் மூண்டு மாசமா முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை தங்கீட்டுது" என்று சொன்னது உன் காதில் விழுந்தது. மாதத் துடக்கு, அதாவது தீட்டு, வராதவளுக்குத் துடக்குக் கழிக்கும் தலைமுழுக்கும் இல்லை. அதனால் கர்ப்பிணியை அப்படிச் சொல்வது நம் ஊர் வழக்கம் என்று உனக்கு யார் விளங்கப்படுத்தியது? நீ ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் நிறுத்தி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றினாய். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. நீ அழுதுகொண்டே ஊற்றினாய். அம்மா கேட்டதற்கு, "தங்கச்சி கனநாளா முழுகாமல் இருக்கிறாள் அம்மா, பிள்ளை வந்திடும்" என்றாய்.

அகப்பைக் காம்பால் உன் கையில் நல்ல அடி விழுந்தது. அடித்துவிட்டு அடுப்படிக்குப் போன அம்மா சின்னம்மாவோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் அடி, ஏன் சிரிப்பு, இரண்டுக்கும் நமக்குக் காரணம் தெரியாது. தங்கச்சியைக் காப்பாற்ற நினைத்தவளுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் மட்டும் என்ன செய்தது? பூவின் மகரந்தத்தை இரண்டு கிழமை படிப்பித்த ரீச்சர், மனிதரில் இனப்பெருக்கம் என்று வந்ததும் வீட்டில் வாசித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா அந்தப் பக்கங்களைக் கண்டுவிட்டுக் கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டிவிட்டார். கலியாணத்துக்கு முதல்நாள் அம்மா உன்னைத் தனியே கூட்டிக்கொண்டுபோனார். இனியாவது ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் வாசலில் காது கொடுத்து நின்றேன். "மாப்பிள்ளை சொல்லுறதைக் கேட்டு நட" என்றார். வெளியே வந்த உன் முகத்தில் போகும்போது இருந்த அதே முழி.

உன்னைக் கொக்குவிலில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல கல்வீடு, உயர்ந்த மதில். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தகவல் வந்தபோது அம்மா சந்தோஷத்தில் பலகாரம் சுட்டார். நான்தான் கொண்டுவந்து தந்தேன். கிணற்றடிக் கதையைச் சொல்லி இருவரும் சிரித்தோம். "இப்ப ஆரடி எனக்குத் தண்ணி ஊத்துறது?" என்று கேட்டாய்.

அடுத்த தடவை நான் வந்தபோது உன் மாமியின் முகம் சரியில்லை. நாள் கணக்குப் பிழைத்துவிட்டது, பிள்ளை தங்கவில்லை, வழக்கமான துடக்குத்தான் பிந்தி வந்திருக்கிறது என்றார். உன்னைப் பின்பக்க அறையில் வேறு பாய், வேறு கோப்பையோடு இருத்தியிருந்தார்கள். அத்தான் அந்தப் பக்கமே வரவில்லை. துடக்குக்காரியிடம் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவருக்கும் பழக்கியிருந்தார்கள். நீ சுவரோடு சாய்ந்திருந்தாய். உன் உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

கிட்ட வந்தேன். "கிட்ட வராதை, எனக்குத் துடக்கு" என்று கையை நீட்டி மறித்தாய். அக்கா, எனக்கு உன்னோடும் கோபம்தான். செத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சொல்லைத்தானா பிடித்துக்கொண்டிருந்தாய்? ஆனால் உனக்கு வேறு எந்தச் சொல்லைத் தந்தார்கள்? மாதாமாதம் வருவதற்கும் துடக்கு, கரு கலைந்து உயிரே போய்க்கொண்டிருப்பதற்கும் துடக்கு. இரத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல உன்னை எவரும் பழக்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் அத்தான் வாடகைக் கார் பிடித்து வந்தார். அப்போதும் மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "முழுகாமல் எப்பிடிக் காரிலை ஏத்துறது?" என்றார். நிற்கவே முடியாத உன்னை இரண்டு பேர் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வார்த்தார்கள். ஆஸ்பத்திரி இரண்டு கட்டைத் தூரத்தில், இரண்டே மைலில், இருந்தது. ஏன் முதல்நாளே கொண்டுவரவில்லை என்று டொக்டர் கேட்டதற்கு மாமி, "பிள்ளை துடக்கெண்டல்லோ சொன்னவள்" என்றார். பொய்யில்லை, நீ அப்படித்தான் சொல்லியிருந்தாய். அன்று பின்னேரம் நீ போய்விட்டாய். உன் தலைமயிர் அப்போதும் காயவில்லை.

பத்து வருடத்துக்கு மேலாகிறது. அப்பா ஒட்டிய அந்தப் பக்கங்களை நான் இப்போது வகுப்பில் ஒவ்வொரு வரியாகப் படிப்பிக்கிறேன். கருப்பை என்றால் கருப்பை, மாதவிடாய் என்றால் மாதவிடாய். விருப்பமில்லாத இடத்தில் வேண்டாம் என்று சொல்வதும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான், அது புத்தகத்தில் இல்லாவிட்டாலும். போன பள்ளித் தவணையில் ஒரு தகப்பன் அதிபரின் அறைக்கு வந்து பாய்ந்தார். "உதுகளைப் பிள்ளையளுக்கு ஏன் சொல்லிக் குடுக்கிறியள் ரீச்சர்? கலியாணம் கட்டினால் தானாத் தெரியவரும்" என்றார். "என்ரை அக்கா கலியாணம் கட்டினவள் ஐயா. அவளுக்குத் தெரியவரேல்லை" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கு ஒலிபெருக்கி கட்டியிருப்பவர் அவர்தான்.

அதனால் சடங்குக்குப் போவதா விடுவதா என்று யோசித்தேன். பிறகு பிள்ளைக்காகப் போனேன். நகைப் பாரத்தில் தலையை நிமிர்த்த முடியாமல் மணவறையில் இருந்தவள், திருநீறு பூசக் குனிந்த என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"ரீச்சர், எவ்வளவு போனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்?"

அக்கா, உன் உயிரின் விலையான கேள்வி அது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை அதட்டினார்கள். நான் பதிலை அவள் காதுக்குள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்கு மேலாக, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற தகப்பனுக்கும் கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன்.

"ஒரு மணித்தியாலத்திலை ஒரு துணி நனைஞ்சு, அடுத்த மணித்தியாலமும் நனைஞ்சால் போ. தலை சுத்தினால் போ. நாளைக்கு நீ பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை ஒரு சொட்டைக் கண்டாலும் போ. முழுகிப்போட்டுப் போவமெண்டு நிக்காதை, பிள்ளை. அப்பிடியே போ."