பச்சையாகவே நின்ற கிறிஸ்மஸ் பூ

டிச. 9

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செய்ய வேண்டியவை: அப்பாவுக்கு பி.பி. மாத்திரை, கேஸ் புக் செய்வது, கிறிஸ்மஸ் குடிலுக்குக் கேழ்வரகு விதைப்பது.

கடைசியது வேண்டாம். பழக்கத்தில் எழுதிவிட்டேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. ஸ்டார் இல்லை, குடில் இல்லை, சவுக்குக் கிளை இல்லை.

"பூ மட்டும் கோயிலுக்குப் போகணும் பாப்பா. அது உங்கம்மாவுது" என்றார் அப்பா.

வாசல் தொட்டியில் நிற்கும் கிறிஸ்மஸ் பூ. ஒவ்வொரு வருஷமும் இருபத்து நான்காம் தேதி அம்மா அதைப் பங்குக் கோயில் குடிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். உச்சி இலையெல்லாம் ரத்தச் சிவப்பு. முன்பெல்லாம் நான் சென்னையிலிருந்து வந்து இறங்குவதே இருபத்து மூன்றாம் தேதிதான். சிவந்த பிறகு மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பச்சை. முழுப் பச்சை.

டிச. 11

மாத்திரை வாங்கியாச்சு. கேஸ் மறந்துவிட்டது. செடிக்கு உரம்.

அப்பா காலையும் மாலையும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.

டிச. 13

வெயில், கொஞ்சம். மொட்டை மாடியில் துணி. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பத்மாக்கா. வீட்டுக்குள்ளே பேசுவது சௌராஷ்டிரம், என்னிடம் தமிழ்.

"என்னடி, ஒங்க பூ இன்னுமா செவக்கல?"

"உரமெல்லாம் போட்டுட்டேன்க்கா."

"ஒரத்துக்கா செவக்கும்? அக்டோபர் பொறந்தா ஒங்கம்மா அஞ்சரைக்கெல்லாம் அட்டைப் பெட்டியக் கவுத்துரும். 'புள்ளயத் தூங்கப் போட்டுட்டேன் பத்மா'ங்கும். காலைல எட்டு மணிக்குத்தான் எடுக்கும். இம்புட்டுப் படிச்சிருக்க, இது தெரியாதாக்கும்?"

கீழே வந்து போனில் தேடினேன். தினமும் பதினான்கு மணி நேர இருட்டு. எட்டு முதல் பத்து வாரம். நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டால் சிவக்காது.

அலமாரி நிறையப் புத்தகம். சாவைப் பற்றியே ஏழெட்டு. ஒன்றிலும் இது இல்லை.

பெட்டி. ஏர்கூலர் வந்த பெட்டி. பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில் அம்மா கையெழுத்து: "அக். 1 – டிச. 10". ஏப்ரலில் வீட்டை ஒழித்தபோது பார்த்தேன். ஏதோ வாரண்டிக் கணக்கு என்று நினைத்தேன். "அண்ணே, இதையும் எடுத்துக்கங்க" என்று பழைய பேப்பர்காரரிடம் நானே மடித்துக் கொடுத்தேன்.

டிச. 14

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட முடியவில்லை.

வாசல் டியூப்லைட். அம்மா இருந்தவரை ஒன்பது மணிக்கு அணைந்துவிடும். மார்ச்சிலிருந்து விடிய விடிய எரிகிறது. அப்பா படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேரே. அது எரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் இல்லை. ஒரே ஒரு நாள் அணைத்தேன். "ஏன் பாப்பா இருட்டா இருக்கு?" அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க முடியாது.

தொட்டி அந்த விளக்குக்கு நேர் கீழே. அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.

டிச. 18

ஆபீசுக்கு அரை நாள் லீவு. பஸ்ஸில் வாடிப்பட்டி வரை போனேன், ரோட்டோர நர்சரிக்கு. ஓசூரிலிருந்து வந்த செடிகள், வரிசையாகச் சிவப்பு. முழங்கால் உயரம்கூட இல்லை. நம்முடையது இடுப்பு வரை. மாற்றி வைத்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"இதவிடப் பெருசு இல்லையாண்ணே?"

"பெருசு வேணும்னா பிளாஸ்டிக்ல வாங்கிக்கம்மா. தண்ணியே ஊத்த வேணாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பும்போது ஜன்னலோர சீட். நல்லவேளை, பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

டிச. 24

மேகம். ஐந்து மணிக்கு ஆட்டோ. அப்பா தொட்டியை இரண்டு காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

குடிலுக்குப் பக்கத்தில் அதே இடம். சுற்றிலும் சவுக்குக் கிளை, தட்டுத் தட்டாகக் கேழ்வரகு நாற்று. எல்லாம் பச்சை. நம் செடி அதில் தனியாகத் தெரியவே இல்லை.

சிஸ்டர் வந்தார். "என்னம்மா, அம்மாவோட பூ இந்த வருஷம் செவக்கலையா?"

"நான் சரியாப் பாக்கல சிஸ்டர்."

முழுப் பொய்யும் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குடிலைப் பார்த்தார்.

டிச. 25

பூசை. வீட்டில் பலகாரம் இல்லை என்பதால் நாலு வீட்டிலிருந்து வந்தது. பத்மாக்காவும் முறுக்குத் தூக்கோடு வந்தார். வாசலில் அப்பாவோடு வெகுநேரம் பேச்சு. தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம்.

அடுப்படியில் கேஸ் தீர்ந்தது. இன்றைக்குத்தானா.

டிச. 27

தொட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்தே கால். பழங்காநத்தம் கடைத்தெருவிலிருந்து அப்பா நடந்து வந்தார், தலைமேல் வாஷிங் மெஷின் பெட்டி. காலி.

"லைட்டு பட்டா ஆகாதாம்ல. பத்மா சொல்லுச்சு."

"ம்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாம்."

"ம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நான் என்ன சின்னப் புள்ளயா?"

அவர் செடிமேல் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் வெளிச்சம் புகாமல் அம்மாவின் பழைய சேலை ஒன்றைச் சுற்றிலும் திணித்தார். எழுந்து டியூப்லைட்டைப் போட்டார். விரல் மடக்கி எண்ணினார்.

"மார்ச் மூணாந்தேதிக்குச் செவந்துருமா பாப்பா?"

அம்மாவின் முதல் வருஷப் பூசை. ஒன்பது வாரம் இருக்கிறது.

"செவந்துரும்ப்பா."

மார்க்கரை எடுத்துப் பெட்டியில் எழுதினேன்: டிச. 27 – மார்ச் 3.

காலை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும்.