மூன்று முறை போட்ட சிலுவை

புதன்கிழமை இரவு, கடலூர். இன்று மகள் கல்யாணத்தில் நடந்ததில் மறக்காமல் எழுதி வைக்க வேண்டியவை:

1. ஸ்டெல்லாவின் நெற்றியில் நான் சிலுவை போட்டது.
2. வீடியோக்காரர் அதைத் திரும்பப் போடச் சொன்னது.
3. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது.

கல்யாணப் பெண் கோயிலுக்குக் கிளம்பும் முன் தகப்பன் அவள் நெற்றியில் விரலால் சிலுவை போட்டு ஆசீர்வதித்து அனுப்புவது எங்கள் வழக்கம். ஸ்டெல்லாவின் அம்மா உயிரோடு இல்லை. அவள் பங்குக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு போட்டேன்.

"ஐயா, கை மொகத்த மறைச்சிடுச்சி. இன்னொரு வாட்டி போடுங்க," என்றார் வீடியோக்காரர்.

"போட்டாச்சே தம்பி."

"பேக்கேஜ்ல பிளெஸ்ஸிங் ஷாட் இருக்குதுங்கய்யா. லைட்டா கண்ணு கலங்குனா இன்னும் சூப்பரா வரும்."

"மாமாவுக்கு வெங்காயம் கொண்டாரட்டுமா?" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள்.

இன்னும் இரண்டு முறை போட்டேன். கடைசி முறை ஜெபமே வரவில்லை; விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்த்தேன். வீடியோக்காரர்களை வரவழைத்தது நாங்கள். எங்கள் வீட்டில் எப்போது வேண்டிக்கொள்வது, எப்போது அழுவது என்று சொன்னது அவர்கள்.

கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கியதும் ஸ்டெல்லா என்னிடம் வந்து, "அப்பா" என்று தலையைக் குனிந்தாள். அப்போது பக்கத்தில் கேமரா இல்லை. மேக்கப் கலைந்துவிட்டதா என்று கேட்கிறாள் என நினைத்து, "எல்லாம் சரியா இருக்கும்மா, நட" என்றேன்.

சிலுவைக்காகக் குனிந்தாள் என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. இந்நேரம் அண்ணாமலை நகரில் மாப்பிள்ளை வீட்டில் இருப்பாள். மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு.